கணக்கு வராதவர்கள் கேட்கும் கணக்குக் கேள்விகள்

கணிதத்தைப் பொது வாசகர்களுக்காகத் தமிழில் எழுதி வருகிறேன். நூலகக் கூட்டம், பள்ளி விழா என்று கூப்பிட்ட இடங்களுக்குப் போய்ப் பேசுவதும் உண்டு. பேசி முடித்து இறங்கியதும் நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டு கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பேனாவும் ஒரு பழைய நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். சில இடங்களில் உங்களுக்கு வேலை வைத்திருக்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு வராது. இதெல்லாம் எனக்குப் புரியுமா?

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்த ஓர் அம்மாவிடம் பேச்சுவாக்கில் ஏலச்சீட்டு பற்றிக் கேட்டேன். 20 பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் ஒரு லட்சம். இந்த மாதம் ஒருவர் 18,000 தள்ளிச் சீட்டை எடுத்தார். நடத்துபவருக்குக் கமிஷன் 5,000 போக மீதி 13,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 650. ஆக இந்த மாதம் கட்ட வேண்டியது 4,350. நான் மனதுக்குள் வகுத்து முடிப்பதற்குள் அவர் விடையைச் சொல்லிவிட்டார். அடுத்து, இப்போது எடுப்பது லாபமா, கடைசிவரை காத்திருப்பது லாபமா என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். அது பட்டப்படிப்பில் வரும் கணக்கு.

அவருக்கு வராமல் போனது கணக்கு அல்ல, பரீட்சை. எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கை வேறு வழியில் போட்டு, விடையும் சரியாக வந்து, ‘நான் சொல்லிக்கொடுத்த ஸ்டெப் எங்கே?’ என்று சிவப்பு மையில் முழுப் பக்கத்துக்கும் குறுக்குக் கோடு வாங்கினேன். அந்தக் கோட்டோடு கணக்கைவிட்டு ஓடியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத்தான் நான் எழுதுகிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. 2024 என்றே வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 4220. திருப்பி அடுக்கினால் 0224. கழியுங்கள்: 3996. இதையே திரும்பச் செய்யுங்கள்.

9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

இன்னொரு முறை செய்து பாருங்கள். 7641 − 1467, மறுபடியும் 6174. வண்டி அங்கேயே நின்றுவிட்டது. உங்கள் பிறந்த வருடம், வீட்டு எண், பைக் நம்பர், எதை எடுத்தாலும் அதிகம் போனால் ஏழு படிகளில் இங்கே வந்து நிற்கும்.

இதை 1949-இல் கண்டுபிடித்தவர் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர். 1905-இல் பிறந்தவர். ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது, பல்கலைக்கழகப் பதவி கிடையாது. இந்தியக் கணித வட்டாரத்தில் பலர் அவரை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. 1975-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இது சும்மா எண் விளையாட்டுத்தானே? உண்மையான கணிதமா?

நல்ல கேள்வி. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. 8712 என்பது 2178-இன் நான்கு மடங்கு, 9801 என்பது 1089-இன் ஒன்பது மடங்கு. தன்னைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்காக இருக்கும் நான்கு இலக்க எண்கள் இவை இரண்டுதான் (1221 போலத் திருப்பினாலும் மாறாதவையும் பூஜ்யத்தில் முடிபவையும் நீங்கலாக). செய்தித்தாளின் புதிர்ப் பகுதிக்கு இது சரி, கணித அறிஞனுக்கு இதில் ஒன்றுமில்லை என்ற பொருளில் ஹார்டி 1940-இல் எழுதினார்.

நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ‘அட!’ என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனால் அது வித்தை. ‘ஏன்?’ என்று அங்கேயே உட்கார்ந்தால் கணிதம். உட்கார்ந்து பார்ப்போம்.

பெரியதிலிருந்து அடுக்கிய எண்ணில் முதல் இலக்கம் 4, கடைசி இலக்கம் 0. திருப்பிப் போடும்போது இவை இடம் மாறுகின்றன. அதனால் கழித்தலில் வருவது இவற்றின் வித்தியாசத்தைப்போல் 999 மடங்கு. நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களிலிருந்து வருவது அவற்றின் வித்தியாசத்தைப்போல் 90 மடங்கு. 4220-இல் ஓரத்து வித்தியாசம் 4, நடு வித்தியாசம் 0. ஆகவே விடை 4 × 999 = 3996. மேலே வந்தது அதேதானே?

இப்போது விஷயம் பிடிபடும். விடை எதுவென்று முடிவு செய்வது இரண்டே வித்தியாசங்கள். ஓரத்து வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வித்தியாசம் அதைத் தாண்டாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 விதம். பத்தாயிரம் எண்களும் முதல் கழித்தலிலேயே 54 எண்களாகச் சுருங்கிவிடுகின்றன! அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் 6174-இல் வந்து முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கணினி வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், நீங்களே நிரூபித்துவிடலாம்.

ஆனால் 54-உம் ஏன் குறிப்பாக அந்த ஓர் எண்ணில் போய் விழவேண்டும்? அதற்கு இதைவிட அழகான காரணம் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ஹார்டியின் முணுமுணுப்பு இந்த இடத்தில் நியாயமானது.

ராமானுஜன் மாதிரி பிறவி மேதைகளின் கதைகளைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வருமா?

வரும். கூடவே ‘நமக்கு ஆகாது’ என்ற எண்ணமும் வரும். டாக்ஸிக் கதை எல்லோருக்கும் தெரியும். உடம்பு முடியாமல் கிடந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, ‘வந்த வண்டியின் எண் 1729, சுவையில்லாத எண்’ என்கிறார். ‘இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது’ என்று படுக்கையிலிருந்தே பதில் வருகிறது. 1728 (12 × 12 × 12) + 1 ஒரு விதம், 1000 (10 × 10 × 10) + 729 (9 × 9 × 9) இன்னொரு விதம்.

இதை மந்திரம் போலச் சொல்லி முடித்துவிடுகிறோம். ராமானுஜனின் கையெழுத்துத் தாள்களைப் பார்த்தால் கதை வேறு. இரண்டு கன எண்களைக் கூட்டினால் இன்னொரு கன எண் வராது என்பது பழைய செய்தி. அப்படியானால் மயிரிழையில் தவறுவது எது எது என்று அவர் தேடியிருக்கிறார். 9-இன் கனத்தையும் 10-இன் கனத்தையும் கூட்டினால் 1729. 12-இன் கனம் 1728. ஒன்றே ஒன்றில் தவறுகிறது! இத்தகைய எண்களை வரிசையாகக் கொண்டுவரும் முறையே அந்தத் தாள்களில் இருக்கிறது. அது திடீரென்று உதித்த எண் அல்ல, அவர் பழகிய எண். பிள்ளைகளிடம் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சென்னை முத்தியால்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் இதை நன்றாக உணர்ந்தவர். ராமானுஜனை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளையும் கடிதங்களையும் தேடித் திரட்டி 1968-இல் வெளியிட்டார். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் வந்ததிலும் அவர் உழைப்பு பெரிது.

பிதாகரஸ் தேற்றத்தைத் தமிழன் முன்பே பாட்டில் சொல்லிவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

மாதம் ஒருமுறையாவது எனக்கும் வருகிறது. யார் பாடியது, எந்த நூற்றாண்டு என்பதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். பாட்டு சொல்லும் வழி இது: செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு. அதோடு அவற்றில் சிறியதில் பாதியைச் சேர். வருவது கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம்.

3, 4 பக்கங்களுக்குப் போடுங்கள். 4-இல் எட்டில் ஒன்று அரை, அதைத் தள்ளினால் மூன்றரை. 3-இல் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. சரி! 5, 12 எடுங்கள். பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இதுவும் சரி! வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் கைதட்டலோடு முடிந்துவிடும்.

நாம் நிறுத்த வேண்டாம். 7, 24 போட்டால் 24.5 வருகிறது, வரவேண்டியது 25. 20, 21 போட்டால் 28.375 வருகிறது, வரவேண்டியது 29. அப்புறம் 9, 40 போட்டுப் பாருங்கள். 35-உம் நாலரையும் சேர்ந்து முப்பத்தொன்பதரை. கர்ணம் 41 இருக்க வேண்டிய இடத்தில், பக்கமான 40-ஐவிடவே சின்னதாகிவிட்டது! அப்படி ஒரு செங்கோண முக்கோணத்தை வரையவே முடியாது.

பள்ளி இயற்கணிதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இந்த வழியையும் பிதாகரஸையும் சமப்படுத்திப் பாருங்கள். ஓர் இருபடிச் சமன்பாடு வரும், அதற்குத் தீர்வு இரண்டுதான். சிறிய பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் உள்ள விகிதம் 3:4 ஆகவோ 5:12 ஆகவோ இருந்தால் மட்டும் விடை துல்லியம். செய்தியில் எடுத்துக்காட்டாக வருவது இவை இரண்டும் (அல்லது 6, 8 போல இவற்றின் மடங்கும்) மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் பாட்டு தப்பா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சிறிய பக்கம் பெரிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால், இந்த வழியில் வரும் பிழை 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கூரைக்குச் சட்டம் அறுக்கும் தச்சருக்கு மனக்கணக்கில் இது அருமையான உத்தி. உத்தி என்று சொல்லிப் பெருமைப்படலாம். தேற்றம் என்று சொன்னால் 9, 40 வந்து மானத்தை வாங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் எந்தக் கணக்குச் செய்தி வந்தாலும் நான் செய்வது இதுதான். அவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டை விட்டுவிட்டு, அவர்கள் கொடுக்காத ஒன்றைப் போட்டுப் பார்ப்பது.

அப்போ தமிழில் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா?

பின்னங்களின் பெயர்களை எடுங்கள். அரை, கால் இரண்டும் கடைவீதியில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. பெயரைச் சொல்லும்போதே பெருக்கல் முடிந்துவிடுகிறது. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் சேர்த்து மாகாணி என்றால் எவ்வளவு? எண்பதில் நாலும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. மாகாணிக்கு உரிய அளவு அதேதான். ஒரு பின்னக் கூட்டலையே பெயராக வைத்திருக்கிறார்கள்! இதற்கும் கீழே இறங்கினால் 320-இல் ஒன்று, அதற்கு முந்திரி என்று பெயர்.

ஔவையின் ‘எட்டேகால் லட்சணமே’ நினைவிருக்கிறதா? தமிழ் எண்களில் எட்டு ‘அ’, கால் ‘வ’. சேர்த்துப் படித்தால் அவலட்சணமே. எண்ணைத் திட்டுவதற்குப் பயன்படுத்திய ஊரில் கணக்கு எப்படிக் கசக்கும் என்று எனக்குப் புரிவதில்லை.

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்கிறார்களே, சமச்சீர் என்பதைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது?

நிறைய. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாசலிலேயே பார்க்கலாம்.

நேர்ப்புள்ளி வைத்துச் செவ்வகமாக ஒரு சிக்குக் கோலம் போடுகிறீர்கள். கம்பி சாய்வாகப் போகிறது, பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் குறுக்கே வெட்டுகிறது, ஓரம் வந்ததும் திரும்புகிறது. 3 புள்ளி, 4 வரிசை வைத்தால் கையை எடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்துவிடும். 3 புள்ளி, 3 வரிசை வைத்தால் முடியாது, மூன்று தனித்தனிக் கம்பிகள் வேண்டும். 4-க்கு 6 என்றால் இரண்டு கம்பி. இதற்கு என்ன விதி?

பள்ளியில் பரீட்சைக்காக மட்டும் படித்த மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்! 3-க்கும் 4-க்கும் பொதுக் காரணி 1. 3-க்கும் 3-க்கும் 3. 4-க்கும் 6-க்கும் 2.

காரணம் இது. 3 புள்ளி அகலத்தில் கம்பி வலது பக்கம் போய்த் திரும்பி வர 6 எட்டு ஆகும் (இங்கே எட்டு என்பது எடுத்துவைக்கும் அடி, எண் அல்ல; ஒரு புள்ளியின் அகலத்தைக் கடப்பது ஓர் எட்டு). 4 வரிசை உயரத்தில் மேலே போய் இறங்க 8 எட்டு. தொடங்கிய இடத்துக்கே வர வேண்டுமென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 6 நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் 8 நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும் என்ற அதே கணக்கு. விடை 24. மொத்தம் எவ்வளவு கம்பி தேவை? ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சாய்வுகள், ஒவ்வொன்றும் அரை எட்டு, ஆக புள்ளிக்கு 2 எட்டு. 12 புள்ளிக்கு 24. ஒரு கம்பியிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. 3-க்கு 3 வைத்தால் 6 எட்டிலேயே கம்பி கிளம்பிய இடத்துக்கு வந்துவிடும். தேவையோ 18. அதனால்தான் மூன்று.

பெரிய கோலங்களில் விதி இவ்வளவு எளிதாக இருக்காது. நடுவில் ஓர் இடத்தில் வெட்டாமல் வளைத்துவிட்டாலே கணக்கு மாறும். மூன்று கம்பியை ஒன்றாக்க எங்கே வளைக்க வேண்டும் என்பது மார்கழியில் வாசலில் உட்காருகிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதனால் தினசரி வாழ்க்கையில் என்ன பயன்?

பயனுக்காகத்தான் ரசிக்க வேண்டும் என்றால் பாட்டும் கேட்க முடியாது. இருந்தாலும் கேட்டதற்காக ஒன்று. கையில் 9,000 கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் தண்டல் வாங்குகிறார் ஒருவர். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து பைசா வட்டிதான்’ என்பார். நீங்கள் தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் அந்த 9,000 முழுவதும் நூறு நாளும் உங்களிடம் இல்லை. சராசரியாக 4,500 அளவில்தான் இருக்கிறது. 4,500-க்கு நூறு நாளில் வட்டி 1,000. வருடத்துக்குப் பார்த்தால் 80 விழுக்காட்டைத் தொடுகிறது.

தமிழில் கலைச்சொற்கள் மிரட்டுகின்றனவே?

சில மிரட்டத்தான் செய்கின்றன. ஆனால் ‘பகா எண்’ என்றால் பகுபடாத எண், சொல்லே பாதி விளக்கம். இலங்கையில் அதையே முதன்மை எண் என்பார்கள், கர்ணத்தைச் செம்பக்கம் என்பார்கள். நான் முதலில் பொருளைக் காட்டிவிட்டு அப்புறம்தான் பெயரைச் சொல்வேன். வரிசை மாறினால்தான் தூக்கம் வருகிறது.

பிள்ளைகள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வேண்டுமா?

செய்யட்டும். 7 × 8-க்கே மூளை செலவானால் மேலே யோசிக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. மறந்தால் 7 × 7-உடன் ஒரு ஏழைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அடி மட்டும் வேண்டாம்.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு எனக்கே விடை தெரியாவிட்டால்?

ஒரு பள்ளியில் 6174-ஐப் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, ‘அஞ்சு இலக்கம் எடுத்தா எங்க சார் நிக்கும்?’ என்று கேட்டாள். அன்று எனக்குத் தெரியாது. ‘தெரியாது, வா போட்டுப் பார்ப்போம்’ என்று 12345-இல் தொடங்கினோம். 41976, 82962, 75933, 63954, 61974 என்று பலகை நிறைந்துகொண்டே போனது. எங்கும் நிற்கிற வழியாக இல்லை. அடுத்த கழித்தலில் 82962 வந்ததும் அவள் எழுந்தாள்: ‘சார், இது முன்னாடியே வந்துச்சு.’

வண்டி நிற்கவில்லை, செக்குமாடாகச் சுற்றுகிறது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பையன் வேறு எண்ணில் தொடங்கி 59994, 53955 என்று இரண்டுக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவதாக இன்னொரு வட்டமும் உண்டு. அன்று அது எங்களில் யாருக்கும் அகப்படவில்லை.